பட்டமும் பத்திரமும்



கிள்ளான் துறைமுகத்துக்கு 1972ஆம் ஆண்டுவரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்று பெயர். தோட்டத்துப் பெரியவர்கள் சிலருக்கு இன்னும் அந்தப் பெயர்தான் வாயில் வருகிறது. ஊருக்குப் பெயர் கொடுத்த பிராங்க் சுவெட்டன்ஹாம் ஒரு காலத்தில் சிலாங்கூரின் ரெசிடெண்டாக இருந்த வெள்ளைக்காரத் துரை. 1897இல் 'சர்' பட்டம் வாங்கியவர். 1946இல் அவர் கண்ணை மூடினார். துறைமுகத்தில் அவர் பெயர் அதற்குப் பிறகும் 26 வருடம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் 'சர்' பட்டம் அவர் மூச்சோடு போய்விட்டது.

நம் நாட்டு டத்தோ, டான் ஸ்ரீ, துன் பட்டங்களும் அப்படித்தான். அப்பா டத்தோ என்பதற்காகப் பிள்ளை டத்தோ ஆகிவிட முடியாது. வேண்டுமானால் பிள்ளை தானாக உழைத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இது உங்களுக்குத் தெரிந்த கதை.

தெரியாத கதை ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் சில பட்டங்கள் ஆளோடு போவதில்லை. வீடு, நிலம், நகைபோல அப்பாவிடமிருந்து மகனுக்கு, மகனிடமிருந்து பேரனுக்கு என்று இறங்கிக்கொண்டே போகும். அவற்றில் இரண்டு தினுசு. ஒன்று பரோனட் என்னும் பரம்பரைச் 'சர்'. இன்னொன்று அதைவிடப் பெரிய பிரபுப் பட்டம். அதை வாங்கியவரைத்தான் 'லார்டு' என்பார்கள். பிரபுவுக்கு வெறும் பெயர் மட்டுமல்ல, லண்டனில் நாட்டுக்குச் சட்டம் செய்கிற பிரபுக்கள் சபையில் ஒரு நாற்காலியும் 1999வரை சேர்ந்து வந்தது. ஓட்டு வாங்க வேண்டியிருக்கவில்லை, ஊர் ஊராகக் கும்பிடு போட வேண்டியிருக்கவில்லை. பிறந்தாலே போதுமாக இருந்தது. நல்ல பிழைப்புதான்!

பரம்பரைச் 'சர்' பட்டம் வாங்கிய இந்தியர்கள் சிலர் உண்டு. முதலில் வாங்கியவர் பம்பாயைச் சேர்ந்த பார்சி வியாபாரி ஜம்சேட்ஜி ஜீஜீபாய். ஏழையாய்த் தொடங்கிச் சீன வியாபாரத்தில் கோடீஸ்வரரானவர். பஞ்சும் அபினும் கப்பல் ஏற்றிச் சேர்த்த பணம் அது. பம்பாயில் ஜே.ஜே. ஆஸ்பத்திரி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது அவர் பெயரில் உள்ளதுதான். 1857இல் அவருக்குப் பரோனட் பட்டம் கிடைத்தது. இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பட்டத்துக்கு வாரிசாக வருகிறவர் எவராக இருந்தாலும், அம்மா அப்பா ஆசையாய் வைத்த பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஜம்சேட்ஜி ஜீஜீபாய் என்றே பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும் என்று சட்டமே செய்துவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே பெயர். தபால்காரர் பாடு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் பிரபுக்கள் சபை நாற்காலியோடு பரம்பரைப் பிரபுப் பட்டம் பெற்ற இந்தியர் ஒரே ஒருவர்தான். சத்யேந்திர பிரசன்ன சின்ஹா என்ற வங்காளி. அவருடைய மகன் அந்தப் பட்டத்துக்கு உரிமை கேட்டபோது என்ன நடந்தது என்பதைத்தான் இந்த மாதம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். அது வங்காளத்தோடும் லண்டனோடும் நிற்கிற கதை அல்ல. நம் லயத்து வாசல்வரை வருகிறது.

சின்ஹா 1863இல் வங்காளத்தின் பீர்பூம் மாவட்டத்தில் ராய்ப்பூர் என்ற கிராமத்தில் பிறந்தார். சத்தீஸ்கரில் உள்ள பெரிய ராய்ப்பூர் நகரம் அல்ல, இது வேறு. 1880இல், பதினேழு வயதில், கோவிந்த மோகினி என்ற பெண்ணை இந்து முறைப்படி மணந்தார். அடுத்த வருடமே கப்பலேறி இங்கிலாந்துக்குச் சட்டம் படிக்கப் போனார். 1886இல் பாரிஸ்டராகித் திரும்பி வந்து கல்கத்தாவில் கறுப்பு அங்கி போட்டார். பிறகு அவர் ஏறாத படி இல்லை. 1909இல் வைசிராயின் நிர்வாக சபையில் உட்கார்ந்த முதல் இந்தியர் அவர். 1915இல் பம்பாயில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைவர். 1919இல் அரசர் அவரை 'ராய்ப்பூரின் பரோன் சின்ஹா' ஆக்கினார். அந்த வருடம் இந்திய அரசாங்கச் சட்டத்தைப் பிரபுக்கள் சபையில் வாதாடி நிறைவேற்றிக் கொடுத்ததும் அவரே. 1920இல் பீகார், ஒரிசா மாகாணத்துக்குக் கவர்னரானார். வெள்ளைக்காரன் ஆட்சியில் ஒரு மாகாணத்துக்குக் கவர்னரான முதல் இந்தியர்.

1928இல் அவர் காலமானார். மூத்த மகன் அருண் குமார் சின்ஹாவுக்கு அப்போது நாற்பது வயது. பட்டம் அவருக்குத்தான் இறங்க வேண்டும். அதில் என்ன சந்தேகம் என்பீர்கள். சந்தேகம் இருந்தது.

பிரபுப் பட்டம் கொடுக்கும்போது அரசர் முத்திரையிட்டு ஒரு சாசனம் கொடுப்பார். அது யார் யாருக்கு இறங்கும் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். வழக்கமாக எழுதுவது இதுதான்: பட்டம் பெற்றவருக்கு முறைப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு. இதில் 'ஆண்' என்ற சொல் மகள்களை வெளியே தள்ளிவிடுகிறது. (அந்த விஷயத்தில் நம் நாட்டுச் சட்டம் எவ்வளவோ மேல். முஸ்லிம் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. 'பொட்டப் பிள்ளைக்கு என்ன பங்கு' என்று பேசுகிற மாமன்மார் இதைக் காதில் போட்டுக்கொள்ள வேண்டும்.) ஆனால் அருண் குமாரை மடக்கியது 'ஆண்' என்ற சொல் அல்ல, 'முறைப்படி' என்ற சொல்.

முறைப்படி பிறப்பது என்றால் தாயும் தகப்பனும் முறைப்படி கல்யாணம் செய்திருக்க வேண்டும். யாருடைய முறை? அங்கேதான் முடிச்சு. 1866இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒரு வழக்கில் கல்யாணம் என்றால் என்ன என்று விளக்கம் சொல்லியிருந்தது. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வேறு எவருக்கும் இடமில்லாமல், ஆயுள் முழுதும் சேர்ந்து வாழ இசைவதுதான் கல்யாணம் என்பது அந்த விளக்கத்தின் சாரம். 1880இல் இந்து முறையில் சடங்குக்குக் குறைவில்லை. ஆனால் அன்றைய இந்துச் சட்டம் ஓர் ஆண் இரண்டாவது மனைவி கட்டிக்கொள்வதைத் தடுக்கவில்லை.

சின்ஹா இரண்டாவது மனைவி கட்டினாரா? இல்லை. கடைசிவரை கோவிந்த மோகினி ஒருவர்தான். ஆனால் கேள்வி அதுவல்ல. கட்டியிருக்க முடியுமா என்பதுதான் கேள்வி. முடியும் என்றால், வெள்ளைக்காரன் சட்டத்தின் கண்ணுக்கு அது கல்யாணம்தானா என்றே ஐயம். எப்படி இருக்கிறது பாருங்கள்! மனிதர் நாட்டுக்குச் சட்டம் செய்தார், மாகாணத்தை ஆண்டார், அரசர் கையால் பட்டம் வாங்கினார். அவர் மனைவி அவருக்கு மனைவிதானா என்று அவர் செத்த பிறகு கேட்கிறார்கள். அந்த அம்மாளின் மனம் என்ன பாடு பட்டிருக்கும் என்று நம் தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

விவகாரம் பிரபுக்கள் சபையின் உரிமைக் குழுவிடம் போயிற்று. தீர்ப்பு வந்த வருடம் 1939. தகப்பனார் இறந்து பதினோரு வருடம் ஆகியிருந்தது, மகனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. அன்று லார்டு சான்சலராக இருந்த மாம் பிரபு அருண் குமாரின் பக்கம் பேசினார். எதை வைத்துத் தெரியுமா? சின்ஹா தம்பதியர் பின்னால் சாதாரண பிரம்ம சமாஜத்தில் சேர்ந்தவர்கள். 1878இல் ஏற்பட்ட அந்தச் சமாஜத்தில் ஒருவனுக்கு ஒருத்தி என்பது கட்டாயம். அதில் சேர்ந்தபோதே இரண்டாவது மனைவிக்கு இருந்த கதவு அடைபட்டுவிட்டது. அருண் குமார் பிறந்தது 1887இல், அவர்கள் சமாஜத்தில் சேர்ந்த பிறகு. ஆகவே பிள்ளை பிறந்தபோது அது வெள்ளைக்காரன் சட்டமும் ஒப்புக்கொள்கிற கல்யாணமாகிவிட்டது, பிள்ளை முறைப்படி பிறந்த பிள்ளை என்று முடிவாயிற்று.

இந்துக் கல்யாணத்தை இங்கிலாந்துச் சட்டம் பொதுவாக ஒப்புக்கொள்ளும், அதில் பிறந்த பிள்ளை அங்கேயுள்ள சொத்துக்கு வாரிசாகலாம் என்றும் அந்தத் தீர்ப்பிலேயே சொன்னார்கள். பின்னால் எத்தனையோ வழக்குகளில் வக்கீல்கள் அதை எடுத்துக் காட்டினார்கள். ஆனால் சொத்து வேறு, பட்டம் வேறு. பட்டத்தில் அவர்கள் படு கண்டிப்பு. கல்யாணத்துக்கு முன் பிறந்த பிள்ளை, தாய் தகப்பன் பிறகு மணம் செய்துகொண்டால் மற்றக் காரியங்களுக்கு முறைப்படியான பிள்ளை ஆகிவிடும் என்று இங்கிலாந்தில் 1926இல் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்திலும் பட்டத்தை மட்டும் விலக்கி வைத்தார்கள். தத்துப் பிள்ளைக்கும் பட்டம் கிடையாது, எத்தனை பாசமாய் வளர்த்திருந்தாலும்.

சின்ஹா வீட்டுப் பட்டம் பிறகு வரிசையாக இறங்கியது. 1967இல் மூன்றாமவர், 1989இல் நான்காமவர். 1992இல் நான்காமவர் இறந்தபோது அவருக்கு மகன் இல்லை. ஆகவே பட்டம் ஒரு படி மேலே ஏறிச் சித்தப்பாவுக்குப் போனது. அவர் 1999இல் இறந்ததும் அவர் மகனுக்கு வந்தது. அதே 1999இல் வந்த சட்டம் 92 பேரைத் தவிர மற்றப் பரம்பரைப் பிரபுக்கள் எல்லாரையும் சபையிலிருந்து வெளியே அனுப்பிவிட்டது. பெயர் மிஞ்சியது, நாற்காலி போயிற்று.

சரி, லார்டு வீட்டுக் கதை நமக்கு எதற்கு? நமக்கு லயத்தில் ஒரு வீடு கிடைத்தாலே பெரும்பாடு என்று சொல்கிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அருண் குமாரிடம் கேட்ட அதே கேள்வியை இன்று நம் பிள்ளைகளிடம் கேட்கிறார்கள். உன் அம்மாவும் அப்பாவும் சட்டம் ஒப்புக்கொள்கிற முறையில் கல்யாணம் செய்தார்களா? பத்திரம் எங்கே?

நம் நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான திருமணச் சட்டம் 1976இல் நிறைவேறி, 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு கோயிலில், மாரியம்மன் சந்நிதியில், ஊரார் முன்னிலையில் தாலி கட்டிய கல்யாணங்களைச் சட்டம் பதிவானதாகவே எண்ணிக்கொள்கிறது. நம் தாத்தா பாட்டி கல்யாணத்துக்குக் குறையில்லை. அந்தத் தேதிக்குப் பிறகு இரண்டு காரியம் மாறிவிட்டது. ஒருவனுக்கு ஒருத்திதான், பெரிய வீடு சின்ன வீடு என்பது சட்டத்தில் கிடையாது. இரண்டாவது, கல்யாணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பிரம்ம சமாஜத்தில் சேர்ந்து சின்ஹா தம்பதியர் அடைத்த கதவை நமக்கு அரசாங்கமே அடைத்துவிட்டது. பத்திரம் வாங்குவதை மட்டும் நம் கையில் விட்டிருக்கிறது.

அதில்தான் நம்மவர்கள் கோட்டைவிட்டார்கள். ஒரு தோட்டத்தில் நடப்பதாக வைத்துக்கொள்வோம். பால் மரம் வெட்டுகிற இளைஞன், நீல நிற அடையாளக் கார்டு வைத்திருக்கும் குடிமகன். பெண்ணுக்குக் குடியுரிமை இல்லை. இவள் இங்கேயே பிறந்தவள்தான். தோட்டத்து மருத்துவச்சி கையில் பிறந்ததைச் சரியாகப் பதியாமல் விட்டதால் வந்த வினை. தோட்டத்துக் கோயிலில் மேளதாளத்தோடு கல்யாணம். கிராணி வந்து மொய் எழுதினார், துரையும் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போனார். இத்தனை பேர் பார்த்த கல்யாணத்துக்கு இன்னும் என்ன ரெஜிஸ்டர் என்று விட்டுவிட்டார்கள். செக்ரோலில் புருஷன் பெண்டாட்டி என்று எழுதியிருக்கிறதே, போதாதா?

போதாது. பிள்ளை பிறந்து பதியப் போகும்போது திருமணப் பத்திரம் கேட்பார்கள். இல்லையென்றால் சட்டத்தின் கண்ணில் அது முறைப்படி பிறந்த பிள்ளை அல்ல. தகப்பனும் தாயும் சேர்ந்து கேட்டுக்கொண்டாலன்றித் தகப்பன் பெயர் ஏறாது. அந்தக் கட்டத்தில் 'மாக்லுமாட் தீடாக் டிப்பெரோலே', அதாவது விவரம் கிடைக்கவில்லை, என்று எழுதிவிடுவார்கள். தகப்பன் கவுண்டருக்கு முன்னாலேயே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பான். விவரம் கிடைக்கவில்லையாம்!

பெயர் ஏறினாலும் குடியுரிமை ஏறாது. முறைப்படி பிறக்காத பிள்ளைக்குத் தகப்பன் என்று வரும் இடத்தில் எல்லாம் தாயையே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நம் கூட்டரசு அரசமைப்பின் இரண்டாம் அட்டவணை 17ஆம் பிரிவு சொல்கிறது. தகப்பன் குடிமகனாக இருந்தும் பயனில்லை. தாயிடம் குடியுரிமை இல்லையென்றால் பிள்ளைக்கும் அது கிடைக்காமல் போகலாம். பன்னிரண்டு வயதில் கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் அடையாளக் கார்டு எடுக்க வரிசையில் நிற்கும்போது இந்தப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்திருக்கும். பிறகு பேங்கில் கணக்கு, மோட்டார் லைசென்ஸ், ஈ.பி.எப். பிடிக்கிற வேலை என்று எங்கே போனாலும் அந்த ஒரு கார்டைத்தான் கேட்பார்கள். அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்து, அவளும் பதிவில்லாமல் கல்யாணம் செய்தால் அடுத்த தலைமுறையும் அதே குழியில் விழும். லார்டு வீட்டில் பட்டம் இறங்குவதுபோல நம் வீட்டில் இல்லாமை இறங்குகிறது.

இது ஏதோ ஓரிரண்டு வீட்டுக் கதை அல்ல. 2011இல் 'மைடாஃப்தார்' என்று அரசாங்கம் நம்மவர்களுக்காகவே தனிப் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. அதிலே மனதை அரிக்கிற சங்கதி ஒன்று. தேசியப் பதிவிலாகாவின் தலைமையகம் இருப்பது புத்ராஜெயாவில். புத்ராஜெயா இருப்பது பழைய பிராங் பெசார் தோட்டத்து மண்ணில். நம் சனங்கள் பால் வெட்டிய காடு அது. அந்த மண்ணில்தான் இன்று நம் பிள்ளைகள் பத்திரத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

தோட்டங்கள் விற்கப்பட்டுக் குடும்பங்கள் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்சுக்கும் பூச்சோங்குக்கும் சிதறிய பிறகு இன்னொரு கஷ்டம் சேர்ந்தது. சாட்சி சொல்ல ஆள் இல்லை. கல்யாணம் நடந்த கோயில் இடிந்துவிட்டது, கிராணி எங்கே போனாரோ, செக்ரோல் கரையான் வாயில்.

'அதுதான் இப்போது ரெஜிஸ்டர் பண்ணிவிட்டோமே' என்று சிலர் நிம்மதியாக இருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு பதிந்தாலும் நல்லதுதான். 1961ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிறகு நடக்கும் கல்யாணத்தால் பிள்ளையை முறைப்படியான பிள்ளையாக ஏற்றுக்கொள்ள வழி செய்கிறது. சொத்து விஷயத்தில் அது கைகொடுக்கும். ஆனால் குடியுரிமை அதனால் தானாக வந்துவிடாது. பிள்ளை பிறந்த நேரத்தில் தாய் தகப்பன் நிலை என்ன என்றுதான் இலாகாவில் பார்க்கிறார்கள். பிரபுப் பட்டத்தில் உள்ள அதே பிடிவாதம்! பிறகு உள்துறை அமைச்சுக்கு மனுப் போட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வயது ஏற ஏற வழியும் குறுகும். அக்காள் பிள்ளையை, அநாதைப் பிள்ளையை எடுத்து வளர்க்கிறவர்களும் கவனியுங்கள். வாய்வார்த்தைத் தத்து செல்லாது. முறைப்படி பதிந்தாலும் தத்துப் பத்திரம் குடியுரிமைப் பத்திரம் ஆகாது.

அருண் குமார் சின்ஹாவுக்கு லண்டனில் பெரிய வக்கீல் வைக்க வசதி இருந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் அவர் தகப்பனாருக்கு 1880இல் இல்லாத வசதி நமக்கு இருக்கிறது. பக்கத்துப் பதிவிலாகாவில் மணமக்கள் இருவரும் நேரில் போய் முன்னறிவிப்புக் கொடுத்தால், 21 நாள் கழித்துப் பதிவுக்கு வழி பிறக்கும். அந்த அறிவிப்பு ஆறு மாதம்வரைதான் செல்லும். ஆகவே பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் இதை முடியுங்கள். சில கோயில்களில் அரசாங்கம் நியமித்த உதவிப் பதிவாளர் இருக்கிறார். மண்டபம் பேசப் போகும்போதே அவர் உண்டா என்று கேளுங்கள், முகூர்த்தத்தோடு பதிவும் முடிந்துவிடும். குழந்தை பிறந்தால் 60 நாளுக்குள் பதியுங்கள். பெயர்ப் பொருத்தம் பார்த்து, ஜாதகம் எழுதி, முப்பதாம் நாள் சடங்கும் முடியட்டும் என்று இழுக்காதீர்கள்.

1982க்கு முன் கல்யாணம் செய்த தாத்தா பாட்டிமார் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் ஒரு செய்தி. உங்கள் கல்யாணம் செல்லும். ஆனாலும் கையில் பத்திரம் வேண்டுமென்றால் இப்போதும் இருவரும் சேர்ந்து போய்ப் பதியலாம், சட்டத்தின் 33ஆம் பிரிவு அதற்கு இடம் கொடுக்கிறது. பெட்டியின் அடியில் கல்யாணப் படமோ, மஞ்சள் தடவிய பத்திரிகையோ கிடந்தால் எடுத்துப் போங்கள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் யாராவது நடமாட்டத்தோடு இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். பாட்டிக்கு வெட்கமாக இருக்கும். பரவாயில்லை, போய் வரச் சொல்லுங்கள்.